தேடித் தேடியும் சிக்காத டார்க் மேட்டர்: வேறொரு துகள் விட்டுச்சென்ற வாரிசா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மூடப்பட்டுவிட்ட ஒரு தங்கச் சுரங்கம். தரையிலிருந்து கிட்டத்தட்ட 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானை நிரப்பி வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் காத்திருக்கிறார்கள். டார்க் மேட்டர் துகள் ஒன்று வந்து ஒரு செனான் அணுவை லேசாக இடித்தால் போதும், சின்ன ஒளிப்பொறி எழும். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

லக்ஸ்-செப்ளின் என்ற இந்தச் சோதனை, 280 நாள் தரவுகளை அலசி 2024 ஆகஸ்ட்டில் முடிவை அறிவித்தது. எதிர்பார்த்த துகள் சிக்கவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருக்கும் செனான்-என்டி, சீனாவின் ஜின்பிங் ஆய்வகத்தில் இருக்கும் பாண்டா-எக்ஸ் சோதனைகளிலும் இதே கதைதான்.

அப்படியென்றால் டார்க் மேட்டரே கிடையாதா? அவசரப்பட வேண்டாம். 'அது பிறந்த விதத்தையே நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம்' என்று ஒரு தரப்பு இயற்பியலாளர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது வாழ்ந்து மறைந்த வேறொரு துகள், சிதையும்போது விட்டுச்சென்ற மிச்சம்தான் டார்க் மேட்டர் என்பது அவர்கள் வாதம். இது உண்மையாக இருந்தால், செனான் தொட்டிகளில் அது எத்தனை வருடமானாலும் சிக்காமல் போகலாம்.

முதல்ல, டார்க் மேட்டர் இருக்குன்னு எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாது. ஒளியை வெளியிடாது, உறிஞ்சாது. ஆனால் அதற்கு எடை உண்டு. அந்த எடையின் இழுப்பு மட்டும் தெரிகிறது.

1933-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்ற கேலக்ஸிக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதில் உள்ள கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு, அந்தக் கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை அளந்தார்கள். மையத்திலிருந்து விலகியிருக்கும் பகுதிகளில் வேகம் குறையும் என்று எதிர்பார்த்தால், அது குறையவே இல்லை. அங்கே வேறு ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது.

பிறகு ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள், பெருவெடிப்பு நடந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகளில் கிளம்பிய பழைய ஒளியைத் துல்லியமாக அளந்தது. அதன் கணக்குப்படி, நீங்கள், நான், பூமி, சூரியன், நட்சத்திரங்கள், வாயு மேகங்கள் எல்லாம் சேர்ந்தே பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவீதம்தான். டார்க் மேட்டர் இதைப்போல ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம். மீதி, டார்க் எனர்ஜி.

இந்த 'ஐந்து மடங்கு' என்ற அளவு முக்கியம். டார்க் மேட்டர் எப்படிப் பிறந்தது என்று யார் கதை சொன்னாலும், கடைசியில் இந்த அளவு சரியாக வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்தக் கதை அவுட்.

சிதைவு என்றால் என்ன?

துகள் சிதைவு என்பது ஒரு பொருள் உடைந்து தூளாவது மாதிரி இல்லை. ஒரு துகள் மறைந்து, அதன் இடத்தில் எடை குறைந்த வேறு துகள்கள் தோன்றுவதுதான் சிதைவு. மிச்சமாகும் எடை ஆற்றலாக மாறி, புதிய துகள்களை உதைத்துத் தள்ளும்.

இது தினமும் நடப்பதுதான். அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட ஒரு நியூட்ரான் சராசரியாக 15 நிமிடம்கூடத் தாங்காது. புரோட்டான், எலெக்ட்ரான், எதிர் நியூட்ரினோ என்று மூன்றாகிவிடும். மியூவான் என்ற துகளின் ஆயுள், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. கதிரியக்கச் சிதைவில் கொஞ்சம் ஆற்றல் கணக்கில் வராமல் காணாமல் போவதைப் பார்த்து, 'யாருக்கும் தெரியாமல் ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது' என்று 1930-ல் சொன்னார் வுல்ஃப்காங் பாலி. அந்த நியூட்ரினோவைக் கண்ணியில் பிடிக்க 1956 வரை ஆனது. சிதைவில் பிறக்கும் துகள், எளிதில் பிடிபடாத துகளாக இருக்கலாம் என்பது இயற்பியலுக்குப் புதிதல்ல.

இதுவரை நம்பிய கதை: விம்ப்

டார்க் மேட்டர் பற்றிப் படித்தவர்கள் 'விம்ப்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். கனமான, ஆனால் மற்றவற்றோடு மிகக் குறைவாகவே உறவாடும் துகள் என்று அர்த்தம்.

பெருவெடிப்புக்குப் பிறகு பிரபஞ்சம் கொதிக்கும் துகள் குழம்பு. அதில் விம்ப்கள் உருவாகிக்கொண்டும், ஒன்றோடு ஒன்று மோதி அழிந்துகொண்டும் இருந்தன. ஒரு திருவிழாக் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவர் நேருக்கு நேர் சந்தித்தால் இருவருமே காணாமல் போய்விடுவார்கள் என்பது விதி. கூட்டம் நெருக்கமாக இருக்கும்வரை ஆட்கள் வேகமாகக் குறைவார்கள். ஆனால் மைதானம் விரிந்துகொண்டே போனால்? ஒரு கட்டத்தில் யாரும் யாரையும் சந்திக்க முடியாது. அப்போது யார் மிச்சமோ, அவர்கள் என்றென்றைக்கும் மிச்சம்.

இதை 'ஃப்ரீஸ்-அவுட்' என்கிறார்கள். விம்ப் புரோட்டானைப் போல நூறு மடங்கு எடை உள்ளது என்று வைத்துக்கொண்டால், இதெல்லாம் பெருவெடிப்பு நடந்து ஒரு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு வாக்கில் முடிந்திருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த எடையையும் அதற்கேற்ற உறவாடும் வலிமையையும் போட்டுக் கணக்கிட்டால், மிஞ்சும் அளவு கிட்டத்தட்ட அந்த 'ஐந்து மடங்கு' பக்கத்திலேயே வருகிறது. இதற்கு 'விம்ப் அற்புதம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நம்பிக்கையில்தான் சுரங்கத்துக்குள் செனான் தொட்டிகள் இறங்கின. குழம்பில் மற்ற துகள்களோடு உறவாடிய விம்ப், இன்றும் எப்போதாவது ஒரு அணுவை இடிக்கும் அல்லவா? இடிக்கவில்லை என்பதுதான் இப்போது பிரச்சினை.

வழி 1: அப்பா போனார், பிள்ளை இருக்கிறார்

2003-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஃபெங், அரவிந்த் ராஜாராமன், ஃபுமிஹிரோ தகயாமா ஆகிய மூவரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். விம்ப் கதை சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை என்றார்கள்.

விம்ப் வழக்கம்போல உருவாகிறது, சரியான அளவில் மிஞ்சுகிறது. ஆனால் அது நிரந்தரம் இல்லை. கொஞ்ச காலம் கழித்துச் சிதைந்து, தன்னைவிட எடை குறைந்த, இன்னும் பல மடங்கு கூச்ச சுபாவமுள்ள ஒரு துகளை விட்டுச்செல்கிறது. இந்தப் பிள்ளைத் துகளுக்கு 'சூப்பர்விம்ப்' என்று பெயர். இன்று பிரபஞ்சம் முழுக்க இருப்பது அதுதான்.

கணக்கு எளிது. 100 அப்பாக்கள், ஆளுக்கு ஒரே பிள்ளை என்றால் 100 பிள்ளைகள். எண்ணிக்கை மாறாது, எடை மட்டும் மாறும். அப்பாவின் எடை புரோட்டானைப் போல 200 மடங்கு, பிள்ளையின் எடை 100 மடங்கு என்றால், மொத்த டார்க் மேட்டரின் எடை பாதியாகும். அவ்வளவுதான். 'விம்ப் அற்புதம்' தந்த சரியான அளவு, சொத்து மாதிரி அப்படியே பிள்ளைக்கு வந்துசேர்கிறது.

இதற்கு அவர்கள் காட்டிய முக்கிய உதாரணம் கிராவிட்டினோ. மீச்சமச்சீர் என்ற கோட்பாடு கணிக்கும் துகள் இது. ஈர்ப்பு விசையைக் கடத்துவதாகக் கருதப்படும் கிராவிட்டானின் ஜோடி. ஈர்ப்பு விசை அளவுக்குப் பலவீனமான உறவு மட்டுமே இதற்கு உண்டு. அதனால் அப்பா துகளின் சிதைவும் படு மந்தமாக நடக்கும். ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும் அந்தக் காலத்தில், இந்தச் சிதைவுக்கு நாள்கள், மாதங்கள்கூட ஆகலாம்.

வழி 2: சொட்டுச் சொட்டாக நிரம்பிய குடம்

இரண்டாவது வழியில் விம்ப்பே தேவையில்லை.

2009-ன் இறுதியில் லாரன்ஸ் ஹால், கார்ஸ்டன் யெடாம்சிக், ஜான் மார்ச்-ரஸல், ஸ்டீஃபன் வெஸ்ட் ஆகிய நால்வர் 'ஃப்ரீஸ்-இன்' என்ற வழியை விரிவாக எழுதினார்கள். தொடக்கத்தில் டார்க் மேட்டர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். கொதிக்கும் குழம்பில் இருக்கும் ஏதோ ஒரு கனமான துகள், அபூர்வமாக, மிக மிக அபூர்வமாக, டார்க் மேட்டர் துகளாகச் சிதைகிறது. பிறந்த துகள் யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கிவிடுகிறது. திரும்பி வந்து அழிவதும் இல்லை.

சரியாக மூடாத குழாய்க்குக் கீழே குடம் வைத்த மாதிரி இது. ஒவ்வொரு சொட்டும் அற்பம். ஆனால் விழுந்த சொட்டு வெளியே போகாது. பிரபஞ்சம் குளிர்ந்து, சிதைவதற்குக் கனமான துகள்கள் இல்லாமல் போகும்போது குழாய் நிற்கும். அதுவரை சேர்ந்ததுதான் இன்றைய டார்க் மேட்டர்.

இங்கே ஒரு சுவாரசியமான தலைகீழ் விதி உண்டு. ஃப்ரீஸ்-அவுட்டில், துகள் அதிகம் உறவாடினால் அதிகம் அழியும். அதனால் குறைவாகவே மிஞ்சும். ஃப்ரீஸ்-இன்னில், அதிகம் உறவாடினால் அதிகம் பிறக்கும். அதனால் சரியான அளவு வரவேண்டுமென்றால் உறவு படு பலவீனமாக இருந்தே ஆக வேண்டும்.

இதைவிடவும் பின்னால் போகலாம். பிரபஞ்சம் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவான காலத்தில் ஊதிப் பெருத்ததாகச் சொல்லப்படும் கட்டத்தை நடத்திய 'இன்ஃப்ளேட்டான்' புலம் சிதைந்துதான் அந்தக் கொதிக்கும் குழம்பே வந்தது என்பது பரவலான கோட்பாடு. அந்தச் சிதைவிலேயே டார்க் மேட்டரும் சேர்ந்து பிறந்திருக்கலாம் என்று கணக்கிடுபவர்களும் இருக்கிறார்கள்.

சுரங்கத்தில் ஏன் சிக்காது?

இப்போது முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். செனான் தொட்டி எதிர்பார்ப்பது, அணுவோடு ஓரளவாவது உறவாடும் துகளை. கிராவிட்டினோ மாதிரியான பிள்ளைத் துகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கோடிக்கணக்கில் தொட்டியைக் கடந்து போனாலும் ஒரு பொறி எழாது.

தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. 2024-ல் செனான்-என்டி, பாண்டா-எக்ஸ்-4டி இரண்டுமே சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் செனான் அணுக்களை இடிக்கும் அறிகுறிகளைப் பதிவு செய்தன. டார்க் மேட்டர் இடித்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். 'நியூட்ரினோ மூடுபனி' என்று அழைக்கப்படும் இந்த எல்லைக்குள் போய்விட்டால், எது டார்க் மேட்டர், எது சூரிய நியூட்ரினோ என்று பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்போ எங்கே தேடுவது?

துகளைப் பிடிக்க முடியாவிட்டாலும், அது பிறந்த சம்பவம் தடயம் விட்டிருக்குமே? மூன்று இடங்களில் தேடுகிறார்கள்.

*ஒன்று, பிரபஞ்சத்தின் முதல் சமையல்.* பெருவெடிப்பு நடந்து முதல் 20 நிமிடங்களுக்குள் ஹீலியம், டியூட்டீரியம், கொஞ்சம் லித்தியம் ஆகியவை உருவாகிவிட்டன. சாதாரணப் பொருளின் எடையில் ஏறக்குறைய கால்வாசி ஹீலியம். ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு இரண்டு, மூன்று டியூட்டீரியம் அணுக்கள்தான். அப்பா துகள் இதற்குப் பிறகு சிதைந்திருந்தால், வெளிப்பட்ட ஆற்றல் இந்த அணுக்கருக்களை உடைத்திருக்கும், அளவு மாறியிருக்கும். டியூட்டீரியம் கணக்கு இன்று நன்றாகவே பொருந்துகிறது. அதனால் பல வகைச் சிதைவுகள் ஏற்கெனவே போட்டியிலிருந்து வெளியேறிவிட்டன.

லித்தியத்தில் மட்டும் ஒரு இடறல். கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. இதற்குத் துகள் சிதைவு காரணமாக இருக்குமோ என்று சிலர் ஆராய்ந்தார்கள். ஆனால் நட்சத்திரங்களே தங்களுக்குள் லித்தியத்தை அழித்திருக்கலாம் என்ற விளக்கமும் இருப்பதால், இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

*இரண்டு, பிள்ளையின் வேகம்.* சிதைவில் பிறக்கும் துகள் உதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எடை வித்தியாசம் அதிகம் என்றால் உதையும் அதிகம். வேகமாக ஓடும் டார்க் மேட்டர், சின்னச் சின்னக் கட்டிகளாகச் சேராது. அதனால் குட்டி கேலக்ஸிகள் குறைவாகவே உருவாகும்.

நம் பால்வீதியைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட துணை கேலக்ஸிகள் கண்டறியப்பட்டுள்ளன. ரொம்ப வேகமான டார்க் மேட்டராக இருந்திருந்தால் இத்தனை இருந்திருக்காது. ஆகவே உதைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் இந்த வரம்பை இன்னும் இறுக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். 3,200 மெகாபிக்சல் கேமரா கொண்ட இந்த ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 10 ஆண்டுகள் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது அதன் திட்டம். டார்க் மேட்டரின் இருப்பை உறுதிப்படுத்தியவரின் பெயரிலேயே இருக்கும் ஆய்வகம், அதன் பிறப்பு ரகசியத்தையும் தொடப்போகிறது.

*மூன்று, அப்பாவையே பிடிப்பது.* பிள்ளை கூச்ச சுபாவி. ஆனால் அப்பா அப்படி இருக்க வேண்டியதில்லை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி மோதலில் அப்பா துகள் உருவானால், அது கொஞ்ச தூரம் ஓடிவிட்டுச் சிதையலாம், அல்லது கனமான தடத்தைப் பதித்துவிட்டு வெளியேறலாம். அட்லஸ், சிஎம்எஸ் கருவிகளில் இப்படிப்பட்ட நீண்ட ஆயுள் துகள்களைத் தேடிவருகிறார்கள். கருவியைச் சுற்றி நீர்த்தொட்டிகளை வைத்து, அதில் மாட்டும் அப்பா துகள் பொறுமையாகச் சிதைவதைப் பார்க்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. இதுவரை உறுதியான எதுவும் கிடைக்கவில்லை. மீச்சமச்சீர் கணித்த எந்தத் துகளும் எல்ஹெச்சியில் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2003 கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான ஜோனதன் ஃபெங், பிறகு 'ஃபேசர்' என்ற சிறிய சோதனையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அட்லஸ் மோதல் இடத்திலிருந்து 480 மீட்டர் தள்ளி, பயன்பாட்டில் இல்லாத ஒரு சுரங்கப் பாதையில் அது இருக்கிறது. மோதலில் பிறந்து, பலவீனமாக உறவாடி, தூரமாகப் போய்ச் சிதையும் துகள்கள்தான் அதன் இலக்கு. அதன் பெரிய சாதனை 2023-ல் வந்தது. துகள் மோதுவிப்பானில் உருவான நியூட்ரினோக்களை முதன்முதலில் நேரடியாகப் பதிவு செய்தது.

கோலாரில் ஒரு பழைய புதிர்

சிதைவுக் கதைக்கு இன்னொரு முனையும் உண்டு. டார்க் மேட்டர் சிதைவில் பிறந்தது என்றால், அதுவே இன்று மெதுவாகச் சிதைந்துகொண்டும் இருக்கலாமே?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் 1965-ல், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டன. உலக அளவில் முதல் பதிவுகளில் ஒன்று அது. அதே சோதனைகளில் 1970-களில் சில விசித்திர நிகழ்வுகளும் பதிவாயின. ஏதோ ஒரு துகள் சுரங்கத்தின் காற்று வெளியிலேயே சிதைந்ததுபோல் தடங்கள் விரிந்திருந்தன. 'கோலார் நிகழ்வுகள்' என்று அழைக்கப்படும் இவற்றுக்குத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

2014-ல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என்.மூர்த்தியும் ஜி.ராஜசேகரனும், இது டார்க் மேட்டர் துகளின் சிதைவாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரையில் சொன்னார்கள். வேறு எந்தச் சோதனையும் இதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும், பழைய நோட்டுப் புத்தகத்தில் கிடக்கும் தடங்களைப் புதிய கேள்வியோடு திரும்பப் படிக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

'கிடைக்கலைன்னா கதையை மாத்திக்கிறாங்களா?'

நியாயமான சந்தேகம். பிடிக்கவே முடியாத துகள் என்று சொல்லிவிட்டால் யாராலும் மறுக்க முடியாதே, அது அறிவியலா?

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சூப்பர்விம்ப்பும் ஃப்ரீஸ்-இன்னும் செனான் தொட்டி ஏமாற்றிய பிறகு அவசரமாகத் தைத்த சட்டைகள் இல்லை. லக்ஸ்-செப்ளின் முடிவுகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டவை. இரண்டாவது, இந்தக் கோட்பாடுகள் தோற்கக்கூடியவை. சிதைவு எப்போது நடந்தது, எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது, பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடியது என்ற மூன்றும் டியூட்டீரியம், பழைய ஒளி, குட்டி கேலக்ஸிகள் ஆகியவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பல மாதிரிகள் ஏற்கெனவே கைவிடப்பட்டுவிட்டன.

ஆனால் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. ஈர்ப்பு விசையைத் தவிர வேறெதற்கும் தலையசைக்காத துகளாக அது இருந்துவிட்டால், 'இதோ, இதுதான்' என்று ஆய்வகத்தில் காட்டும் நாள் வராமலே போகலாம். தடயங்களை அடுக்கித்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கும். பெரும் பணமும், ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் உழைப்பும் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற கேள்வி இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது: இன்னும் பெரிய செனான் தொட்டியா, வானத்தைப் பார்க்கும் கேமராவா, மோதுவிப்பானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையா?

இப்போதைக்கு மூன்றுமே ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் இருக்கும் பகுதியில், மூன்று கன சென்டிமீட்டர் இடத்துக்குச் சராசரியாக ஒரு புரோட்டான் எடை அளவுக்கு டார்க் மேட்டர் இருப்பதாகக் கணக்கு. நீங்கள் இதைப் படிக்கும் போனுக்குள்ளும் அது இருக்கிறது. பெற்றவர் யார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.